படம் இலவசம், பிறகு எதற்குக் காசு?

செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து கொடுக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன் என்றால், “நீங்க சாட்டிலைட் விடறீங்களா?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. விடுவதில்லை. யாரோ விட்ட சாட்டிலைட் எடுத்த படத்தை வைத்து, ஏரியில் நீர் எவ்வளவு பரப்பில் நிற்கிறது, வட்டாரத்தில் எத்தனை ஏக்கர் நெல், கல் குவாரி குத்தகை எல்லையைத் தாண்டியிருக்கிறதா என்று சொல்வது எங்கள் வேலை. நாலைந்து பேர் சேர்ந்து செய்யும் இந்தத் தொழிலைப் பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் ஏராளம்.

“கோடிக்கணக்கில் முதலீடு வேண்டும்” என்பது அவற்றில் மூத்தது. அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள், 1972 முதல் சேர்ந்த மொத்தக் களஞ்சியமும், 2008-லிருந்து இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களும் 2015 முதல் அப்படியே கிடைக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டால் தொழிலுக்கும் பயன்படுத்தலாம். வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் காசு இல்லை. நல்ல கணினியும் இணையமும் இருந்தால் கடை திறந்துவிடலாம். வழுக்குவது வேறு இடத்தில். படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் எஞ்சின் ஆராய்ச்சிக்கும் லாப நோக்கற்ற பணிக்கும்தான் இலவசம். தொழிலுக்குக் கட்டணம் உண்டு. கூகுள் வரைபடத்தின் மேல் கோடு இழுத்து அதை விற்பதும் அவர்கள் விதிப்படி கூடாது. உரிம நிபந்தனைகளைப் படிக்காமல் வேலையை ஒப்புக்கொள்பவர்கள் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்தது, “மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.” இதற்கு நம் ஊர்க் கணக்கிலேயே பதில் சொல்லலாம். சென்டினல்-2 படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு கிரவுண்டு மனை இரண்டு பிக்சலில் முடிந்துவிடும். அதில் வீடு கட்டியிருக்கிறார்களா, மாடி எத்தனை என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு ஏக்கர் வயலுக்கு 40 பிக்சல் வரும். ஆனால் வரப்பின் மேல் விழும் பிக்சல்களில் பக்கத்து வயலும் கலந்திருக்கும். அவற்றைத் தள்ளினால் நம்பக்கூடியவை பெரும்பாலும் முப்பதுக்குள்தான் தேறும். வட்டாரக் கணக்குக்கு இது தாராளம், தனி ஒருவரின் அரை ஏக்கருக்குப் போதாது. விலை கொடுத்தால் 30 சென்டிமீட்டர் அளவுக்குத் தெளிவான படம் கிடைக்கும். அதில் கார் தெரியும், நம்பர் பிளேட் தெரியாது. அப்படிப்பட்ட படத்தைப் பழைய சேமிப்பிலிருந்து எடுத்தாலும் குறைந்தது 25 சதுர கிலோமீட்டர் வாங்கச் சொல்வது விற்பவர்கள் பலரின் வழக்கம். ஐந்து ஏக்கர் தோப்பைப் பார்க்க வந்தவர் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் பணம் கட்ட வேண்டும்!

“லைவா காட்டுங்க” என்பார்கள் சிலர், சினிமா பார்த்த பழக்கம். சென்டினல்-2 ஓரிடத்தைச் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை, காலை பத்தரை மணி வாக்கில் கடந்து போகும். 2017 பிப்ரவரி 15-ல் பி.எஸ்.எல்.வி. ஏற்றிச் சென்ற 104 செயற்கைக்கோள்களில் 88 பிளானட் நிறுவனத்துடையவை. தினமும் படம் எடுப்பதுதான் அவற்றின் நோக்கம். அந்தத் தினப்படமும் மேகம் வந்தால் வெள்ளைத்தாள்தான். டெல்டாவில் சம்பா நிற்கும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வானம் திறந்திருக்கும் நாட்கள் எத்தனை என்று தஞ்சாவூர்க்காரரைக் கேளுங்கள். அப்போது கைகொடுப்பது சென்டினல்-1 போன்ற ரேடார். மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். நடவு எப்போது நடந்தது என்பதை அந்த மாற்றத்திலிருந்துதான் கணிக்கிறோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெற்பரப்பைக் கணக்கிட ரேடாரைக் கையாண்டதும் இந்தக் காரணத்தால்தான்.

பொதுமக்கள் எங்களைத் தேடி வருவது பெரும்பாலும் வேலித் தகராறுக்காக. “கூகுள்ல பார்த்தேன் சார், பக்கத்து தோட்டத்துக்காரர் நாலடி உள்ள வந்திருக்கார்.” செயற்கைக்கோள் படம் தரையில் சில மீட்டர் விலகி உட்காருவது சாதாரணம், நாலடி அந்தப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். தவிர, படத்தில் தெரிவது வரப்பு. சட்டப்படியான எல்லை எஃப்.எம்.பி. எனும் புல அளவைப் புத்தகத்திலும் சர்வேயர் வந்து அளந்து நடும் கல்லிலும்தான் இருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனு கொடுங்கள் என்று திருப்பி அனுப்புவதே நேர்மை. இதற்கும் பணம் வாங்கிக்கொண்டு கலர் பிரிண்ட் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், என்ன செய்ய.

வரைபடம் போட அரசு அனுமதி வேண்டும் என்பது பழைய கதை. 2021 பிப்ரவரி 15-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்களுக்கு முன்அனுமதியைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. ட்ரோன் விட்டுப் படம் எடுப்பது அப்படியல்ல. பதிவு எண் வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட்டால் இயக்குபவருக்குச் சான்றிதழ் வேண்டும். சிவப்பு மண்டலம் என்றால் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் எழுப்பவே கூடாது.

“அரசு வேலை கிடைத்தால் செட்டில்” என்பார்கள். டெண்டரில் கேட்கும் ஆண்டு வருமானத் தகுதி சிறிய ஆளுக்கு எட்டாது. பெரிய நிறுவனம் எடுக்கும், உள்குத்தகை நமக்கு வரும், பணம் எல்லாருக்கும் கடைசியில் வரும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அடுத்த வேலை வராமல் போய்விடுமே என்று புகார் கொடுக்கத் தயங்குகிறோம். படம் இலவசமாகக் கிடைத்தும் கடைகள் மூடுவதற்கு இந்த வராத பாக்கியே முதல் காரணம் என்பது என் கணிப்பு.

கடைசியாக, புதிய நம்பிக்கை: “எல்லாம் ஏஐ செய்துவிடும்.” எது கரும்பு, எது வாழை என்று யாராவது வெயிலில் நடந்து குறித்து வந்தால்தான் அது கற்றுக்கொள்ளும். எங்கள் கட்டணத்தில் பெரும்பங்கு அந்த நடைக்குத்தான். நூறு இடங்களில் 90 நெல், 10 வாழை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நெல் என்று சொல்லும் வரைபடத்துக்கும் 90 சதவீதத் துல்லியம் வந்துவிடும். வாழை ஒன்றுகூட அதில் இருக்காது. ஆகவே எங்களிடமோ வேறு யாரிடமோ வரைபடம் வாங்கும்போது, களத்தில் எத்தனை இடங்களில் சரிபார்த்தீர்கள், ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனியே துல்லியம் எவ்வளவு என்று கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.