ஒரே ரிமோட்டுக்கு ஓடிய இரண்டு கார்கள்
(ஒன்பதாம் வகுப்பு அறிவியல்: அதிர்வெண், அலைநீளம் தொடர்பான செயல்பாடு)

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சோலூரில் மைதானம் என்பது பெயருக்குத்தான். ஜூன், ஜூலை முழுவதும் மதிய இடைவேளை வராந்தாவிலேயே கழியும். சென்ற ஆண்டு அந்த வராந்தாவுக்குப் புதிதாக ஒன்று வந்து சேர்ந்தது. உதகை மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாக் கடைகளில் வாங்கி வைத்திருந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் ரிமோட் கார்கள். பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் கொண்டுவரலாமா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. மழையில் நனைந்து காய்ச்சலில் படுப்பதைவிட இது மேல் என்று கண்டுகொள்ளாமல் விட்டேன்.

ஒருநாள் இடைவேளை முடியும் நேரத்தில் பெரிய சத்தம். ஒரு மாணவனின் சிவப்புக் கார் வராந்தா படியிலிருந்து கீழே விழுந்து அச்சு உடைந்து கிடந்தது. "டீச்சர், நான் ரிமோட்டைத் தொடவே இல்லை. இவன்தான் வேணும்னே கீழே தள்ளிவிட்டான்" என்று அவன் அழுதான். பக்கத்தில் நீலக் காரோடு நின்ற மாணவன், "நான் என் காரைத்தான் ஓட்டினேன் டீச்சர், அவன் கார்கிட்டயே போகலை" என்றான். முதலாமவனின் அம்மா எஸ்டேட்டில் இலை பறிப்பவர். அந்தக் காருக்காக அவன் எத்தனை மாதம் கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். நான் விசாரிக்கவில்லை. நீலக் காரையும் அதன் ரிமோட்டையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றேன்.

மூன்றாம் நாள், உடைந்த அச்சைச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்பதற்காகச் சிவப்புக் காரையும் வாங்கி மேசைமேல் வைத்தேன். பீரோவிலிருந்து நீலக் காரையும் எடுத்து, அதன் சக்கரம் எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க ரிமோட்டை அழுத்தினேன். இரண்டு கார்களின் சக்கரங்களும் சுழன்றன. இரண்டையும் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்க ஸ்டிக்கரில் 27 என்று இருந்தது.

இரண்டு மாணவர்களும் பொய் சொல்லவில்லை. மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி, நீலக் காரைத் திருப்பிக் கொடுத்து, அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான். வேறொரு மாணவி, "அப்ப கார் எப்படி டீச்சர் ஆள் மாறிக் கேட்டுச்சு?" என்று கேட்டாள். ஒலி பாடத்தில் அதிர்வெண், அலைநீளம், திசைவேகம் ஆகியவற்றை முடித்திருந்த வாரம் அது. தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, வீட்டில் ரிமோட் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொண்டுவரலாம் என்று அறிவித்தேன். ஆறு கார்கள் வந்தன.

முதல் வேலை: ரேடியோவா, ஒளியா?

ரிமோட் கார் எல்லாமே ரேடியோ அலையில் இயங்குபவை அல்ல. மிகச் சிறிய கார்களில் சில, தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்குகின்றன. இதைப் பிரித்தறிவது எளிது. ரிமோட்டின் முனையைக் கையால் மூடி அழுத்த வேண்டும். கார் நின்றுவிட்டால் அகச்சிவப்பு. கைப்பேசிக் கேமரா வழியாக ரிமோட்டின் முனையைப் பார்த்தால் வெளிறிய ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னும். சில கைப்பேசிகளின் பின்பக்கக் கேமராவில் இது தெரியாது. முன்பக்கக் கேமராவில் பார்க்கலாம். எங்களிடம் வந்தவற்றில் ஆறாம் எண் கார் இந்த வகை.

மீதி ஐந்தையும் மூடியுள்ள ஒரு தகர டப்பாவுக்குள் ஒவ்வொன்றாக வைத்து, மூடுவதற்கு முன்னும் பின்னும் ரிமோட்டை அழுத்திப் பார்த்தோம். உள்ளே சக்கரம் சுழலும் சத்தம் மூடியதும் நின்றது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடியபோது நிற்கவில்லை. உலோகம் ரேடியோ அலையைத் தடுப்பதை மாணவர்கள் காதால் கேட்டார்கள்.

இரண்டாவது வேலை: எழுதியிருப்பதைப் படித்தல்

விளையாட்டுக் கார்களில் பெரும்பாலும் காணப்படும் அதிர்வெண்கள் 27, 40, 49 மெகாஹெர்ட்ஸ். புதியவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ். காரின் அடிப்பக்கம், ரிமோட்டின் பேட்டரி மூடி, அட்டைப்பெட்டி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் எண் இருக்கும். இல்லையென்றால் ஆன்டெனாவைப் பார்க்கலாம். இழுக்கும் கம்பியோ தொங்கும் வயரோ இருந்தால் முதல் மூன்றில் ஒன்று. வெளியே எதுவும் தெரியாவிட்டால் 2.4 ஆக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கான காரணத்தை மாணவர்களையே கணக்கிடச் சொன்னேன். ரேடியோ அலையின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர். ஆகவே 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 27 மெகாஹெர்ட்ஸுக்கு 11.1 மீட்டர், 49க்கு 6.1 மீட்டர், 2400க்கு 12.5 சென்டிமீட்டர். ஆன்டெனா பொதுவாக அலைநீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருந்தால் நன்றாக வேலை செய்யும். 27க்கு அது கிட்டத்தட்ட 2.8 மீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 3 சென்டிமீட்டர்தான். 2.8 மீட்டர் கம்பியை யார் ரிமோட்டில் பொருத்துவார்கள்? அதனால் கம்பியைக் குட்டையாக்கி, குறைந்த நீளத்தை ஒரு கம்பிச்சுருளால் ஈடுகட்டுகிறார்கள்.

ஏற்கெனவே பழுதான ஒரு ரிமோட்டைப் பேட்டரி எடுத்துவிட்டுத் திறந்து காட்டினேன். பளபளப்பான சிறு உலோக உறைக்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகம். அதன் தலையில் 27.145 என்று பொறித்திருந்தது. அதுதான் அந்த ரிமோட் அனுப்பும் அதிர்வெண். இங்கே ஓர் எச்சரிக்கை: 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் உள்ள படிகத்தில் 16 என்பது போன்ற எண் இருக்கும். அது உள்ளே இருக்கும் சில்லின் கடிகாரத் துடிப்பு. அனுப்பும் அலையின் அதிர்வெண் அல்ல. நானே முதலில் குழம்பினேன்.

மூன்றாவது வேலை: 36 சோதனைகள்

பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆறு ரிமோட், ஆறு கார். கரும்பலகையில் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டோம். ஒரு ரிமோட்டில் மட்டும் பேட்டரி இருக்க வேண்டும், மற்ற ஐந்திலும் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையை ஒரு மாணவர் குழுதான் முன்வைத்தது. எந்தக் கார் அசைகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு குறி.

ஒன்றாம் எண் சிவப்புக் காரும் இரண்டாம் எண் நீலக் காரும் இரண்டு ரிமோட்டுக்கும் ஓடின. எதிர்பார்த்ததுதான். வியப்பு ஐந்தாம் எண் காரில் வந்தது. அதன் ஸ்டிக்கரிலும் 27 என்றே இருந்தது. ஆனால் சிவப்புக் கார் ரிமோட்டுக்கு அது அசையவில்லை. "ஸ்டிக்கர் தப்பு" என்று பாதி வகுப்பு முடிவுகட்டிவிட்டது. அப்போது அதன் சொந்த ரிமோட்டால் அதை ஓட்டிக்கொண்டே சிவப்புக் கார் ரிமோட்டையும் அழுத்திப் பார்த்தோம். ஐந்தாம் எண் கார் திக்கித் திக்கி நின்றது. அலை அதைச் சென்றடைகிறது. ஆனால் சொல்லும் மொழி அதற்குப் புரியவில்லை.

அந்த மொழி என்ன என்பதை ஆசிரியர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இத்தகைய மலிவான கார்கள் பலவற்றில் ஒரே வகைச் சில்லு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் ரிமோட் முதலில் நான்கு நீளத் துடிப்புகளை அனுப்பும். பிறகு குறுந்துடிப்புகள்: முன்னே செல்ல 10, பின்னே வர 40, இடப்புறம் திரும்ப 58, வலப்புறம் திரும்ப 64. காரில் உள்ள சில்லு அவற்றை எண்ணி மோட்டாரை இயக்குகிறது. "நான்தான் நீலக் காரின் ரிமோட்" என்று சொல்லும் பகுதி எதுவும் அதில் இல்லை. ஒரே அதிர்வெண், ஒரே எண்ணிக்கை என்றால் எந்தக் காரும் எந்த ரிமோட்டுக்கும் கீழ்ப்படியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகையில் ரிமோட்டும் காரும் முதலில் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்துகொள்வதால் இந்தச் சிக்கல் இல்லை. எங்கள் நான்காம் எண் காரில் அதைக் கண்டோம்.

27 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளேயே ஆறு தடங்கள் உண்டு, 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம் என்று நிற அடையாளமும் உண்டு. தரமான பொழுதுபோக்குக் கார்களில் தடத்தை மாற்றினால் மோதல் தீர்ந்துவிடும். விலை குறைந்த கார்களில் தீராது. அவற்றின் ஏற்பி எளிமையானது. பட்டை முழுவதையும் கேட்டுவிடும். ஜப்பானின் டோமி நிறுவனம் 2001இல் 'பிட் சார்-ஜி' என்ற சின்னஞ்சிறு கார்களைக் கொண்டுவந்தபோது, பலர் சேர்ந்து பந்தயம் விடுவதற்காக வெவ்வேறு பட்டைகளில் விற்றது இதனால்தான். இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் 5 வாட் வரை திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்பதையும் சொன்னேன்.

வானொலிப் பெட்டியால் ஒரு சோதனை

மூன்றாம் எண் காரில் ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. வேறு எந்த ரிமோட்டுக்கும் அது அசையவில்லை. ஆன்டெனா வயர் இருந்ததால் 40 அல்லது 49. ரிமோட் தன் அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளையும் வலுக்குறைவாக வெளிவிடும். 49.86இன் இரு மடங்கு 99.72. அது எஃப்.எம். பட்டைக்குள் வருகிறது; கொடைக்கானல் பண்பலையின் 100.5க்குச் சற்று முன்னால். 40.68இன் இரு மடங்கு 81.36, சாதாரண எஃப்.எம். டயலில் இல்லை. டயல் வானொலியை 99.7க்கு அருகே வைத்து ரிமோட்டை ஒட்டினாற்போல் பிடித்து அழுத்தினோம். அழுத்தும்போதெல்லாம் 'கொர்ர்' என்ற ஒலி. 49 என்று முடிவு செய்தோம். 27இன் நான்கு மடங்கு 108. டயலின் கடைசி விளிம்பு. எங்கள் வானொலியில் அது தெளிவாகக் கிடைக்கவில்லை. இந்தச் சோதனையை ஒரு தடயமாக மட்டும் கொள்ள வேண்டும். மற்றச் சோதனைகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

முத்தோரையின் 326.5

மடங்கு என்றதும் நம் மாவட்டத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. உதகைக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாகி 1970இல் செயல்படத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சரிவில் அதை அமைத்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகை. அதனால் அதன் அச்சு புவியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு வானப்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். நம் மலைச்சரிவு அறிவியலுக்குப் பயன்பட்ட கதை என்பதால் மாணவர்கள் கண் விரியக் கேட்டார்கள்.

அது கேட்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 92 சென்டிமீட்டர். 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை உலக அளவில் ரேடியோ வானியலுக்கு ஒதுக்கப்பட்டது. "பச்சைத் தடமான 27.195ஐ எந்த முழு எண்ணால் பெருக்கினால் 326.5க்கு அருகே வரும்?" என்று கேட்டேன். சற்று நேரத்தில் 12 என்று விடை வந்தது: 326.34. பன்னிரண்டாம் மடங்கு மிக மிக வலுக்குறைந்தது. ஆனால் விண்மீன் மண்டலங்களிலிருந்து வரும் அலை அதைவிட வலுக்குறைந்தது. இத்தகைய இடங்களில் மின்னணுக் கருவிகளுக்கு ஏன் கட்டுப்பாடு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தச் செயல்பாட்டுக்கு இரண்டு பாடவேளை ஆகும். 36 சோதனைகளை அவசரப்படுத்தினால் குறிகள் தவறாகிவிடும். மாணவர்கள் ரிமோட்டைத் திறக்கவோ ஆன்டெனாவை நீட்டிக் கட்டவோ விட வேண்டாம். கார் கிடைக்காத பள்ளிகளில் இரண்டே கார் போதும்; அட்டைப்பெட்டியில் ஒரே எண் உள்ளவையாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார்.

சிவப்புக் காரின் அச்சை நீலக் காரின் சொந்தக்காரன்தான் தீர்ந்துபோன பேனா ரீஃபிலை வெட்டிச் சரிசெய்தான். பொழுதுபோக்கு ரேடியோ கார் மன்றங்களில் அதிர்வெண் பலகை ஒன்று வைத்து, எந்த எண்ணின் கிளிப்பை எடுத்தவரோ அவர் மட்டுமே ரிமோட்டை இயக்குவது வழக்கம் என்று சொல்லியிருந்தேன். மறுவாரமே வராந்தாச் சுவரில் ஒரு அட்டையும் துணிக் கிளிப்புகளும் தொங்கின. 27க்கு ஒரே ஒரு கிளிப். இப்போது மதிய இடைவேளையில் என்னிடம் வரும் புகார்கள் எல்லாம் அந்தக் கிளிப்பை யார் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்பது பற்றித்தான்.