சிறிய வீல் நட், பெரிய பொறுப்பு

சால்ட் லேக்கிலுள்ள எம் கிளைக்கு அண்மையில் வந்த நாமக்கல் லாரி உரிமையாளர் ஒருவர், கடன் தவணை தாமதமானதன் காரணத்தைக் கூறினார். கொல்கத்தாவையும் சென்னையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 16-இல் அவரது லாரியின் பின்சக்கர நட்டுகள் தளர்ந்து, போல்ட்டுகள் முறிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் வண்டி நான்கு நாட்கள் நின்றது. விலை குறைவென்று வாங்கி மாட்டிய நட்டுகள் அவை. இத்தகைய வாடிக்கையாளர்களுக்காகச் சில அடிப்படைகளை இங்கே தொகுத்துள்ளோம்.

நட்டின் பணி யாது?

நட்டை முறுக்கும்போது போல்ட் சிறிதளவு நீண்டு, சக்கரத்தை ஹப்புடன் அழுத்திப் பிடிக்கிறது. சுமையைத் தாங்குவது அந்த அழுத்தமே. அது குறைந்தால் சக்கரம் அசையும். போல்ட் மீண்டும் மீண்டும் வளைந்து களைத்து முறியும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. மரை: கனரக லாரிகள் பலவற்றில் 22 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. மரை இடைவெளியும் உள்ளன. பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடமரை உண்டு. புதிய நட் கையாலேயே தடையின்றிச் சுழல வேண்டும்.

2. அமரும் முகம்: உருண்டை முகமா, வாஷருடன் கூடிய தட்டை முகமா என்பதைச் சக்கரத்தின் துளையே தீர்மானிக்கும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது.

3. வலிமை: போல்ட் 10.9 வகுப்பாயின், நட் 10-ஆம் வகுப்பாக இருத்தல் வேண்டும். பொறித்த குறியைப் பார்த்து வாங்குக.

4. பூச்சு: வங்காளத்தின் நீண்ட மழைக்காலத்தில் துரு விரைந்து பிடிக்கும். துத்தநாகம் போன்ற பாதுகாப்புப் பூச்சுடையவை நெடுநாள் உழைக்கும். பளபளப்பு மட்டும் தரத்திற்குச் சான்றன்று.

பொருத்தும்போது

அமரும் இடத்திலுள்ள துருவையும் தடித்த பெயின்ட்டையும் நீக்குக. எதிரெதிர் நட்டுகளை மாறி மாறி முறுக்கி, டார்க் ரெஞ்ச் கொண்டு உற்பத்தியாளர் கையேட்டின் அளவிற்கு இறுக்குக. கையேடு கூறாவிடில் எண்ணெய் இடலாகாது. பொதுவாக 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் சரிபார்த்தல் இன்றியமையாதது. நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் தளர்ச்சியை ஐயுறுக.

கணக்கும் காப்பீடும்

மோட்டார் காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரிவு, தேய்மானத்தையும் இயந்திரப் பழுதையும் பொதுவாக ஏற்பதில்லை. வாகனத்தைப் பேணுவதில் உரிய கவனமும் உரிமையாளரின் கடமையாகும். ஆகவே ஜி.எஸ்.டி. ரசீதுடன் வாங்கி, மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் குறித்து வைக்கவும்.

வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை. நட்டில் மிச்சப்படுத்தும் தொகை, ஒரு நாள் வாடகை இழப்பிற்கும் ஈடாகாது. சாலையில் உடன் செல்வோரின் உயிருக்கோ விலையே இல்லை.