டீசல் குடிக்கும் வேன்: ஜாசின் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

ஃபேக்டரிக்கு ஆள் ஏற்றி ஓடிய பழைய டீசல் வேனை வாங்கி, பிள்ளைகளை அசகான் அருவிக்கும் தஞ்சோங் பிடாரா கடற்கரைக்கும் கூட்டிப்போய்க் கூடாரம் போடுவதாக எழுதியிருந்தீர்கள். படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு அசகான் அருவி விழும் லெடாங் மலை எந்நேரமும் கண்ணெதிரே நின்றது. அதன் அடிவாரத்தில் ஓர் இரவு தங்கத்தான் வழியில்லை. உங்கள் பயணம் டீசல் செலவால் நின்றுவிடக் கூடாது.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. நீங்கள் சொல்லும் லிட்டருக்கு 7 கிலோமீட்டர் கணக்கில், 100 கிலோமீட்டருக்கு 31 வெள்ளி ஆன இடத்தில் அன்றே 48 வெள்ளி ஆகிவிட்டது. ஆனால் அந்த 7 எப்படி வந்தது? டாங்கி முள்ளைப் பார்த்துச் சொன்னதாக இருந்தால் நம்பாதீர்கள். ஒரே பம்பில் முழுசாக நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவையுங்கள். மறுமுறை நிரப்பும்போது, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். ஒரு மாதம் இப்படி எழுதிவைத்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

அங்கே முதலில் கேட்க வேண்டியது, இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று. பழைய வண்டி சூடேறினால், வெயில் நாட்டுக்கு இது எதற்கு என்று கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இங்கே உண்டு. அது இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். அதுவரை டீசலை அதிகமாகத்தான் குடிக்கும். நெடுஞ்சாலையில் ஓடியும் சூட்டு முள் கீழேயே கிடந்தால் சந்தேகப்படுங்கள். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் மாட்டச் சொல்லுங்கள். வண்டி சூடேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில் இருக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏர் ஃபில்டர். செம்மண் சடக்கில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பழைய டீசல் இன்ஜின் கரும்புகை தள்ளினால் பெரும்பாலும் ஒன்று இதுவாக இருக்கும், இல்லையென்றால் டீசலைப் பீய்ச்சும் நாசில். டீசல் ஃபில்டரையும் மறக்க வேண்டாம். 2019இல் நம் டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருளைக் கலக்கத் தொடங்கினார்கள். நம் பெற்றோர் குலை வெட்டிய மரத்து எண்ணெய் இன்று நம் டாங்கியில் ஓடுகிறது. எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அது பழைய டாங்கியின் அடியில் படிந்த கசடைக் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்த்துவிடும்.

பிரேக்கையும் பாருங்கள். சமதரையில் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுத் தள்ளினால் வேன் சுலபமாக நகர வேண்டும். ஓடி வந்து நிறுத்தியதும் நான்கு ரிம் பக்கமும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டயர் காற்றைக் காலையில், வண்டி எடுக்கும் முன்னரே அளந்துவிடுங்கள்.

இனி உங்கள் கால். தஞ்சோங் பிடாராவுக்கு ஆயர் குரோ, சிம்பாங் அம்பாட் வழியாகப் போகும்போது 110இல் மிதிக்காதீர்கள். வேனின் முகம் தட்டையானது; 90இல் இருக்கும் காற்று எதிர்ப்பு 110இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். கூரைக் கேரியர் காலியாக இருந்தாலும் காற்றைத் தடுக்கும், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இதுபோன்ற நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்ததில், ஒருசில மட்டுமே சொற்பமாக மிச்சம் காட்டின. அந்தக் காசில் இரண்டு ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

ஒரு மாதக் கணக்கை எழுதி அனுப்புங்கள். தெர்மோஸ்டாட் இருந்ததா, இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்