பிரேக் ரெசிஸ்டர்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"டிரைவில் நிற்கும் நேரத்தை 2 நொடி என்று வைத்தால் மோட்டார் 2 நொடியில் நின்றுவிடும்."

கனமான சுமை என்றால் நிற்காது. வேகத்தைக் குறைக்கும்போது சுழலும் சுமைதான் மோட்டாரை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகி, தன் வேகத்தை ஆளும் டிரைவுக்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறது. சாதாரண டிரைவின் முகப்பில் இருப்பவை டயோடுகள். அவை அதை லைனுக்குத் திருப்பி விடமாட்டா. 415 வோல்ட் இணைப்பில் சுமார் 585 வோல்ட்டாக இருக்கும் உள் டி.சி. அழுத்தம் மளமளவென்று ஏறி, 800 வோல்ட் அருகே டிரைவ் டிரிப் ஆகிவிடும். பிறகு மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றித்தான் ஓயும். அழுத்தம் ஏறும்போதே சாப்பர் என்ற மின்னணுச் சுவிட்ச் வழியாக அந்த ஆற்றலை வாங்கி வெப்பமாக்கவே பிரேக் ரெசிஸ்டர்.

"ஓம் குறைந்தால் பிரேக் பலமாகும்."

பாதி உண்மை. 780 வோல்ட்டில் 20 ஓம் ரெசிஸ்டர் 39 ஆம்பியர் இழுக்கும். 10 ஓம் என்றால் 78. அதைத் தாங்காத சாப்பர் எரிந்துபோகும். டிரைவின் கையேடு சொல்லும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகவே கூடாது.

"வெப்பமாக்குவது வீண், மின்சாரத்தை லைனுக்கே திருப்பும் டிரைவ்தான் எங்கும் லாபம்."

5 டன் சுமையை 10 மீட்டர் இறக்கினால் கிடைப்பது 0.14 யூனிட்கூட இல்லை. எப்போதாவது ஓடும் கிரேனுக்கு ரெசிஸ்டரே போதும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சுழன்று நிற்கும் சர்க்கரை ஆலை சென்ட்ரிஃபியூஜில் கணக்கே வேறு. அங்கே திருப்பி அனுப்புவது நிச்சயம் பயன் தரும்.

"ரெசிஸ்டர் அளவுக்கு மீறிச் சூடானால் டிரைவ் தானே நிறுத்திக்கொள்ளும்."

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இது. சாப்பர் பழுதாகி ஷார்ட் ஆகிவிட்டால், மோட்டார் நின்றிருந்தாலும் டயோடுகள் வழியாக 585 வோல்ட் அப்படியே ரெசிஸ்டரில் பாயும். 20 ஓம் என்றால் இடைவிடாமல் 17 கிலோவாட். விட்டுவிட்டு வரும் பிரேக்குக்காக வாங்கிய ரெசிஸ்டர், தொடர்ந்து 2 கிலோவாட் மட்டுமே தாங்குவதாக இருக்கலாம். அது பழுக்கக் காய்ச்சிய இரும்பாகும். பக்கத்தில் கேபிளோ பஞ்சுத் தூசியோ இருந்தால் தீப்பிடிக்கும். ஸ்டாப் பட்டன் டிரைவுக்குக் கட்டளை மட்டுமே தருவதாக இருந்தால், அதை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. டிரைவுக்கு வரும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். அதற்காகத்தான் ரெசிஸ்டரில் தெர்மல் சுவிட்ச் வைத்து, அதை டிரைவுக்கு முன்னுள்ள மெயின் கான்டாக்டரின் காயிலோடு இணைக்கச் சொல்கிறார்கள். டிரைவின் ஃபால்ட் முனையில் மட்டும் கொடுத்தால் போதாது.

அடுத்த பராமரிப்பு நாளில், மெயினை அணைத்துப் பூட்டி, டிரைவின் கெபாசிட்டர்கள் மின்னிறங்கும்வரை காத்திருந்து, தெர்மல் சுவிட்சின் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். கான்டாக்டருக்குப் போகவில்லையென்றால் அன்றே மாற்றிவிடுங்கள்.