எலும்பு ஒட்டிவிட்டது, வைத்தியம் முடியவில்லை



போன மாதம் ஒரு தாய் ஏழு மாதக் கைக்குழந்தையோடு டிஸ்பென்சரிக்கு வந்தார். "ஐயா, பிள்ளைக்கு ஒரு கால் மட்டும் வளைஞ்ச மாதிரி இருக்கு. எண்ணெய் போட்டு உருவி விட்டா நேராயிடும்னு பாட்டி சொல்றாங்க" என்றார். காலைப் பார்த்துவிட்டு, உருவவே வேண்டாம் என்று சொல்லி, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்வது நல்லது.

நடை பழகும் பிள்ளைகளுக்கு இரண்டு காலும் வில் போல வெளிப்பக்கம் வளைந்திருப்பது சாதாரணம். பெரும்பாலும் 2 வயதுக்குள் தானாகச் சரியாகிவிடும். பிறக்கும்போதே ஒரு கால் பின்பக்கமாகவும் உட்பக்கமாகவும் புடைத்திருந்தால், அதுவும் வளர வளர நேராகும். ஆனால் அந்தக் கால் கட்டையாகிப் போகலாம், டாக்டர் பார்த்துவர வேண்டும். முழங்காலுக்குக் கீழே ஒரே கால், முன்பக்கமாகவும் வெளிப்பக்கமாகவும் புடைத்து வளைந்திருந்தால்தான் ஆபத்து.

இது கணைக்கால் எலும்பில் பிறவியிலேயே உள்ள கோளாறு. எலும்பைச் சுற்றியுள்ள சவ்வு கெட்டுத் தடித்து, எலும்பு பலமில்லாமல் வளர்கிறது. பிள்ளை லேசாக விழுந்தாலே ஒடிந்துவிடும். ஒடிந்தால், மாவுக்கட்டு மட்டும் போட்டு ஒட்ட வைக்க முடியாது. மூட்டே இல்லாத இடத்தில் மூட்டு போல ஆடும். அதனால் டாக்டர்கள் இதைப் 'பொய் மூட்டு' என்கிறார்கள். லட்சத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வராத அபூர்வ நோய். இதில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு 'நியூரோஃபைப்ரோமடோசிஸ்' என்ற பரம்பரை நோயும் இருக்கும். உடம்பில் காப்பி நிறத்தில் ஆறோ அதற்கு மேலோ மச்சங்கள் இருந்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒடிவதற்கு முன்பே கண்டுபிடித்தால், பிள்ளை நடக்கத் தொடங்கும்போது காலுக்குக் கவசம் போட்டு எலும்பைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஒடிந்துவிட்டால் ஆப்பரேஷன்தான். கெட்ட பாகத்தை வெட்டி எடுத்து, வேறிடத்து எலும்பை வைத்து, உள்ளே கம்பியோ வெளியே வளையச் சட்டமோ பொருத்துவார்கள். இந்த வளையச் சட்டம் ரஷ்ய டாக்டர் இலிசரோவ் கண்டுபிடித்தது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய டாக்டர்கள் 340 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். இந்தச் சட்டம் போட்டவர்களில் நான்கில் மூன்று பங்கு பேருக்கு எலும்பு ஒட்டியிருந்தது. இப்போது, பக்கத்திலுள்ள மெல்லிய எலும்பையும் சேர்த்து ஒட்ட வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் மறுபடி ஒடிவது குறைகிறது.

இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் பார்த்த ஒரு பையன். ஐந்து வயதில் ஆப்பரேஷன் ஆகி எலும்பு ஒட்டியது. வீட்டார் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். ஓராண்டு ஒழுங்காக கிளினிக் போனார்கள். அப்புறம், ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று நிறுத்திவிட்டார்கள். பையன் நன்றாக ஓடினான், கவசம் பரணுக்குப் போனது. ஒன்பது வயதில் கால்வாயைத் தாண்டிக் குதித்தான். அதே இடத்தில் ஒடிந்தது. மறுபடி இரண்டு ஆப்பரேஷன். நானும் அன்று அனுபவம் இல்லாதவன். "ஏன் கிளினிக் போகவில்லை?" என்று ஒரு முறைகூட அவர்களைக் கேட்கவில்லை. அது இன்றும் மனதில் உறுத்துகிறது.

ஒட்டிய எலும்பு, பிள்ளை வளர்ந்து முடியும்வரை மறுபடி ஒடியலாம். அந்தக் கால் கட்டையாகலாம், கணுக்கால் வெளிப்பக்கம் சாயலாம், விறைத்துப் போகலாம். இவற்றை நேரத்தோடு பார்த்தால் வைத்தியம் உண்டு. ஆகவே:

1. வளைந்த காலை உருவாதீர்கள், இழுத்துக் கட்டாதீர்கள்.

2. டாக்டர் "போதும்" என்று சொல்லும்வரை கவசத்தைக் கழற்றிப் போடாதீர்கள். கால் வளர்ந்து கவசம் சின்னதானால் புதிதாகக் கேளுங்கள்.

3. பிள்ளையின் வளர்ச்சி நிற்கும்வரை, அதாவது 16, 17 வயதுவரை, கிளினிக் தேதியை விடாதீர்கள்.

4. கால் வலி, வீக்கம், புதிய வளைவு கண்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்.

பல ஆப்பரேஷன் செய்தும் ஒட்டாத சில பிள்ளைகளுக்கு, காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால் பொருத்தலாம் என்று டாக்டர் சொல்லக்கூடும். கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் வருஷக் கணக்கில் கட்டிலில் கிடப்பதைவிட, செயற்கைக் காலோடு பள்ளிக்கூடம் போய் விளையாடும் பிள்ளை சந்தோஷமாக இருக்கும். டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டு நிதானமாக முடிவு செய்யுங்கள். செயற்கைக் காலுக்குச் சமூக நல இலாகாவில் உதவித் திட்டம் உண்டு.

அந்தப் பையனுக்கு இன்று முப்பது வயது இருக்கும். ஒரு சப்பாத்தின் அடி உயரமாக இருக்கும், கணுக்கால் அவ்வளவாக மடங்காது. ஆனாலும் சொந்தக் காலில் நடந்து வேலைக்குப் போகிறார். இரண்டாம் தடவை ஒட்டிய பிறகு அவருடைய அம்மா ஒரு கிளினிக் தேதியைக்கூட விடவில்லை.

கிளினிக் நாளில் லீவு கிடைப்பது சிரமமாக இருந்தால், தேதி அட்டையை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வாருங்கள். ஆபீசில் நானே பேசுகிறேன்.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்