கொல்லைக்கு வரும் குருவிகளுக்கு: 18 குறிப்புகள்

நிலக்கோட்டையில் விடியும் முன்பே பூ மார்க்கெட் விழித்துவிடும். மல்லிகை மூட்டை ஏற்றிய டூவீலர்கள் தெருவைக் கடந்துபோன பிறகு, வெயில் ஏறுவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். எங்கள் கொல்லையில் அது பறவைகளின் நேரம். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து வந்து கறிவேப்பிலை மரத்தடியில் சருகைப் புரட்டும். வேலியில் கொண்டைக்குருவி, ஓட்டு விளிம்பில் மைனா, முருங்கைப் பூவில் தேன்சிட்டு.

பறவைகளை வீட்டுப் பக்கம் வரவழைக்க வேண்டும் என்றால் எல்லோருக்கும் முதலில் தானியம்தான் நினைவுக்கு வருகிறது. சில வருடங்களாகச் சட்டி வைத்துப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது வேறு. நம் வறண்ட ஊரில் முதலில் தண்ணீர், அடுத்து மருந்தடிக்காத செடி, மூன்றாவதாகத்தான் தானியம். குறிப்புகளையும் அந்த வரிசையிலேயே தருகிறேன்.

1. தண்ணீர் வைக்க வாயகன்ற மண் சட்டிதான் நல்லது. கசிந்து கசிந்து தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். விளிம்பு சொரசொரப்பாக இருப்பதால் சின்னக் கால்கள் வழுக்காது. எவர்சில்வர் கிண்ணம் சித்திரை வெயிலில் கொதித்துவிடும். இரண்டு அங்குல ஆழம் போதும். சட்டி ஆழமாக இருந்தால் நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள். சிட்டுக்குருவி அதன்மேல் நின்று குடிக்கும், தவறி விழுந்தாலும் ஏறிக்கொள்ளும்.

2. சட்டியைத் தரையில் வைக்காதீர்கள். இடுப்பு உயரத் திண்டிலோ கைப்பிடிச் சுவரிலோ நிழலாக வையுங்கள். பூனை பதுங்கும் புதர், விறகுக் குவியல் ஆகியவற்றிலிருந்து எட்டுப் பத்தடி தள்ளி இருக்கட்டும். வைரி போன்ற வேட்டைப் பறவை பாய்ந்தால் பறந்துபோய் ஒளிந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு மரக்கிளையும் வேண்டும்.

3. தினமும் காலையில் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் சட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். தினமும் மாற்றுகிற வீட்டில் டெங்குக் கொசுவுக்கு இடமில்லை. இரண்டு சட்டி வைத்துக்கொண்டால் ஒன்றை வெயிலில் நன்றாகக் காயவைக்கலாம்.

4. காகத்துக்குத் தனிச் சட்டி வேண்டும். எங்கிருந்தோ கொண்டுவந்த காய்ந்த ரொட்டித் துண்டையும் எலும்பையும் அது தண்ணீரில் முக்கி ஊறவைத்துத்தான் தின்னும். ஒரே நாளில் தண்ணீர் கெட்டு நாறும். பெரிய சட்டியை மாடியிலும் சின்னதைக் கொல்லையிலும் வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

5. கொல்லை முழுவதும் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். சிட்டுக்குருவிக்குப் புழுதிக் குளியல் வேண்டும். குடை அகலத்துக்கு ஓரிடத்தில் உலர்ந்த மண்ணை விட்டுவைத்தால், வயிற்றை மண்ணில் அழுத்திச் சிறகால் புழுதியை வாரி முதுகில் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். குளித்த இடத்தில் கிண்ணம் பதித்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருக்கும்.

6. இருப்பதிலேயே முக்கியமான குறிப்பு இதுதான். வளர்ந்த சிட்டுக்குருவி தானியம் தின்னும். ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஆகாரம். தாயும் தகப்பனும் மாறி மாறிப் பச்சைப்புழுவைக் கவ்விக்கொண்டு வருவதைக் கூட்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால் தெரியும். புழு இல்லாத தோட்டத்தில் எத்தனை படி கம்பு இறைத்தாலும் குஞ்சு தேறாது. நம் பக்கம் மல்லிகையில் மொட்டுப்புழுவுக்குப் பயந்து அடிக்கடி மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. அது பிழைப்பு, விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டுச் செடிக்கு அந்த அவசரம் கிடையாது. இடித்த வேப்பங்கொட்டை 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டித் தெளித்தால் போதும். அவரைப் பந்தலில் நாலு புழு இருந்தால் விட்டுவிடுங்கள். தையல்சிட்டு வந்து பொறுக்கிக்கொள்ளும்.

7. பப்பாளி மரத்தில் உச்சிப் பழம் ஒன்றைப் பறிக்காமல் விடுங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் குயிலும் அதற்குப் பந்தி போட்டு வரும். கறிவேப்பிலை மரம் காய்த்தால் வெட்டிவிடாதீர்கள். கறுத்துப் பழுத்த பழத்துக்குக் குயில் தவறாமல் வரும். வேப்பம்பழமும் அப்படியே.

8. தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது அமெரிக்கப் பழக்கம். அங்கே ஓசனிச்சிட்டுகளுக்காகச் சீசாவில் தொங்கவிடுவார்கள். நமக்கு அது தேவையில்லை. எறும்பும் புளிப்பும்தான் மிஞ்சும். ஒற்றைச் செம்பருத்தி, இட்லிப்பூ, முருங்கை, வாழை இருந்தால் தேன்சிட்டு தானாக வரும்.

9. டூவீலரைக் கொல்லையில் நிறுத்தினால் அதன் கண்ணாடியில் பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள். ஆண் தேன்சிட்டு தன் உருவத்தையே எதிரி என்று எண்ணி, இனப்பெருக்க காலத்தில் மணிக்கணக்கில் கொத்திக் கொத்தி ஓய்ந்துபோகும்.

10. தானியத்துக்குக் கம்பு, தினை, உடைத்த சோளம், அரிசிக் குருணை. மளிகைக் கடையில் கிடைப்பதே போதும். காலையில் ஒரு கைப்பிடி போட்டால் மதியத்துக்குள் தீர வேண்டும். மிஞ்சுகிறது என்றால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். இரவில் கிடக்கும் தானியம் எலியைக் கூப்பிடும். பச்சரிசி தின்றால் குருவியின் வயிறு வெடித்துவிடும் என்று சொல்வார்கள். அதில் உண்மையில்லை. நெல்வயலில் காலங்காலமாக அதைத் தின்றுதான் வாழ்கிறது.

11. அறுவடை சமயத்தில் வயல் வைத்திருப்பவர்களிடம் ஒரு பிடி நெற்கதிர் கேட்டு வாங்கி, பிரித்துப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். தாத்தா காலத்துத் திண்ணை வீடுகளில் இது இல்லாமல் இருக்காது. குருவி தலைகீழாகத் தொங்கி, நெல்லை உருவி, உமியைத் துப்பிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கும். கடைத் தட்டில் அந்தக் காட்சி கிடைக்காது. கதிர் கிடைக்காவிட்டால் கம்பங்கதிர். கோலத்தையும் வாரம் ஒருநாளாவது கல்மாவை விட்டு அரிசிமாவில் போடுங்கள். எறும்போடு குருவியும் வரும்.

12. மிக்சர், முறுக்கு, உப்புக்கடலை, பால், பூசணம் பிடித்த நிலக்கடலை எதுவும் வேண்டாம். உப்பு சின்ன உடம்புக்குத் தாங்காது. பூசணக் கடலையில் உள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும். நாம் தின்ன மாட்டோம் என்று ஒதுக்கியதைக் குருவிக்குப் போடக் கூடாது. காகத்துக்குச் சோறு வைப்பவர்கள் உப்பில்லாத வெறுஞ்சோறாக வையுங்கள். சாப்பிட்டு மீந்ததை வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

13. தானியத் தட்டுக்குக் கொட்டாங்குச்சி போதும். அடியில் இரண்டு துளை போட்டால் மழைநீர் வடிந்துவிடும். எறும்பைத் தடுக்கக் கயிற்றில் கிரீஸ் தடவாதீர்கள், சிறகில் ஒட்டினால் பறக்க முடியாது. தட்டுக்கு மேலே கயிற்றில் ஒரு சின்ன மூடியைக் கோத்து, துளையை மெழுகால் அடைத்துத் தண்ணீர் நிரப்புங்கள். எறும்பு அதைத் தாண்டாது.

14. வாரம் ஒருமுறை தட்டை வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். தீனித் தட்டின் வழியே நோய் பரவும். இங்கிலாந்தில் 2005, 2006 வாக்கில் தொண்டையைத் தாக்கும் ஒரு நோய் பச்சைக் குருவிகளிடையே தொடங்கியது. வீட்டுத் தீனித் தட்டுகளில் கூடும் கூட்டத்தால் அது பரவ வழியாயிற்று. 2021இல் அந்த இனத்தை அந்நாட்டின் அருகிவரும் பறவைகளுக்கான சிவப்புப் பட்டியலில் சேர்க்கும் நிலை வந்தது. தட்டருகே ஒரு பறவை உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு பறக்காமல் உட்கார்ந்திருந்தால், இரண்டு வாரம் தீனியை நிறுத்திவிடுங்கள். நாலைந்து பறவைகள் சேர்ந்து செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

15. மாடப்புறா கூட்டமாகச் சேர ஆரம்பித்தால் தானியத்தை நிறுத்துவதே நல்லது. காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலைப் பாதிக்கும். மயிலுக்கும் தீனி போடாதீர்கள். பழகிவிட்டால் பக்கத்துத் தக்காளித் தோட்டத்தில் இறங்கும். நஷ்டப்படுபவர் கோபம் மயில்மேல்தான் திரும்பும். கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேப்பமரத்தில் அது வந்து உட்காரும் அழகே போதும்.

16. சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பதானால் வாசல் துளை ஒன்றேகால் அங்குலம் இருக்கட்டும். துளை பெரிதானால் மைனா புகுந்துவிடும். எட்டடிக்கு மேல் உயரம், மேற்கு வெயில் படாத சுவர். வீட்டுக்குள் கூடு கட்டிவிட்டால் அந்த அறையின் மின்விசிறியை ஒரு மாதம் போடாமல் இருங்கள். சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் 2020ஆம் ஆண்டு தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சு பறந்து போகும்வரை ஒரு மாதத்துக்கு மேல் ஊர்மக்கள் தெருவிளக்கே போடவில்லை. ஓர் ஊருக்கு முடிந்தது ஒரு வீட்டுக்கு முடியும்.

17. சிறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் எடுக்காதீர்கள். பறக்கப் பழகுகிறது, தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறகில்லாத குஞ்சு விழுந்தால் மெதுவாக எடுத்துக் கூட்டில் வையுங்கள். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது தவறான எண்ணம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். அடிபட்டதென்றால் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

18. ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், எந்தப் பறவை, எத்தனை. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்தவற்றை எண்ணி இபேர்டு (eBird) இணையதளத்தில் பதிவு செய்தால் நம் கொல்லையும் கணக்கில் சேரும். பிள்ளைகளை உட்காரவைத்தால் நம்மைவிடச் சரியாக எண்ணுவார்கள்.

திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ நாலு நாள் வெளியூர் போகும்போது தானியத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை தேடித் தின்றுகொள்ளும். பங்குனி முதல் ஆடி வரை சட்டித் தண்ணீரை மட்டும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.