செவியில் விழுந்த செய்தி

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் காலை ரயிலில் ஒரே பத்திரிகை பத்துப் பேர் கைக்கு மாறிய காலம் உண்டு. இன்று அந்த இடத்தைக் கைப்பேசி பிடித்துக்கொண்டது. ரயில் சென்னை சேர்வதற்குள், எங்கோ கொடுமைக்காளான ஒரு பெண்ணின் பெயரும் படமும் நூறு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. "யார் அந்தப் பெண்? எந்த ஊர்?" என்று நாமும் கேட்கிறோம். இந்தக் கேள்வி நமக்கு ஆகுமா?

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் கொடுமைக்கு ஆளானார். துணிந்து காவல்துறையில் புகார் கொடுத்தார். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியாகிக் கைகள் பல மாறியது. சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கண்டித்து, அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க அரசுக்கு உத்தரவிட்டது. கொடுமை செய்தவன் ஒருவன். அவருடைய மானத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களோ எத்தனையோ பேர்!

இத்தகையவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதல் நம் நாட்டில் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாதிக்கப்பட்டவரே எழுத்து மூலம் இசைந்தால் வெளியிடலாம் என்ற விலக்கும் உண்டு. திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 148-ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். தீயதைப் பகிரங்கப்படுத்துவதை அல்லாஹ் விரும்பவில்லை; அநீதிக்குள்ளானவருக்கு மட்டும் விலக்களிக்கிறான். ஆக, அதைச் சொல்லும் உரிமை துன்பப்பட்டவருடையது, கேள்விப்பட்ட நம்முடையதன்று.

குற்றம் சாட்டப்பட்டவர் விஷயம் என்ன? விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பரில் நாட்டின் இரகசியத்தை விற்றார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். விசாரணை முடியுமுன்னரே பத்திரிகைகள் கதை கதையாக எழுதின. 1996-ல் சி.பி.ஐ. குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்றது. 2018-ல் உச்சநீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இடைப்பட்ட 24 ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது நயவஞ்சகர்கள் அவதூறு பரப்பியபோது, மதீனாவில் ஒரு மாத காலம் அப்பேச்சு உலவியது. அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் மனைவியார் அதுபற்றிக் கணவரிடம் கேட்டார்கள். "அப்படி ஒரு செயலை நீ செய்வாயா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மாட்டேன் என்றார்கள் மனைவியார். அப்படியானால் ஆயிஷா உன்னைவிட மேலானவரல்லவா என்றார் அவர். அந்த வீட்டு வாசலோடு அவதூறு நின்றுவிட்டது. பின்னர் அன்னையின் தூய்மையை அல்லாஹ்வே அந்நூர் அத்தியாயத்தில் அறிவித்தான்.

மறைத்தல் என்றால் குற்றவாளியைத் தப்பவிடுதல் என்று எவரும் எண்ண வேண்டாம். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குரியது என்கிறது அல்பகரா அத்தியாயம். கண்டவர் காவல்துறையிடமும் நீதிபதியிடமும் சொல்லியே தீரவேண்டும். நம் வீட்டுப் பிள்ளைக்கு அநீதி நேர்ந்தால், 'மானம் போய்விடும்' என்று அதன் வாயை அடைப்பதும் அநீதியே. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுவோம். மற்ற இடங்களில் நாவைக் காப்போம்.

சகோதர சகோதரிகளே! அடுத்த முறை அப்படியொரு படம் கைப்பேசியில் வந்தால், பிறருக்கு அனுப்பாமல் அழித்துவிடுங்கள். பெயரைக் கேட்காதீர்கள், தெரிந்தாலும் சொல்லாதீர்கள். தீர்ப்பு வருமுன் எவரையும் குற்றவாளி என்று பிள்ளைகள் முன்னிலையில் பேசாதீர்கள். பிறர் குறையை இவ்வுலகில் மறைப்பவரின் குறையை மறுமையில் மறைப்பதாக வாக்களித்த அல்லாஹ், நம் இல்லங்களை அவதூறு வந்து நின்றுவிடும் இல்லங்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.